மூன்று வரித் திருத்தம்

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி ஆசிரியர் முதல் காவலாளி வரை அந்த நாளிதழில் எல்லோருக்கும் அவர் சாமியக்காதான். முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் செய்தி ஆசிரியரோடு வாய்க்கு வாய் பேசியதற்குத் தண்டனையாக அவரை மதப் பக்கத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். சனிக்கிழமைதோறும் வரும் அந்த ஒரு பக்கத்தை வாசகர்கள் படிக்கிறார்களா, அலமாரித் தட்டில் விரிக்கிறார்களா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆறே மாதத்தில் அழுதுகொண்டு வந்து காலில் விழுவாள் என்று செய்தி ஆசிரியர் கணக்குப் போட்டார். கடைசியில் அவர்தான் ஓய்வு பெற்றுப் போனார். சாமியக்கா அசையவில்லை.

அவர் பையில் எப்போதும் ஒரு ஜோடி சுத்தமான காலுறை இருக்கும். தலையை மூட ஒரு துணி, இரண்டு பேனா, பசிக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட். எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே தலையை மூட வேண்டும், எங்கே விரதம் என்று சொல்லிப் பச்சைத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரார்த்தனையில் எல்லோரும் கண்ணை மூடும்போது அவர் மட்டும் கடைசிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் திறந்தபடி நிற்பார். “மூடறதுக்கு அவங்க இருக்காங்க. திறந்து வைக்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க” என்பார். அரசியல்வாதிக்குக் கோபம் வந்தால் வழக்குப் போடுவார், பக்தருக்குக் கோபம் வந்தால் நமக்காகப் பிரார்த்தனை செய்வார், இரண்டாவதுதான் ஆபத்து என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்பேர்ப்பட்டவருக்கு மதச் செய்தியாளர் சங்கம் வாழ்நாள் விருது தருவதாகக் கடிதம் வந்தது. கடிதத்தைப் பிரித்தது அவர் வீட்டுக்காரர். மனிதர் முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கடவுள் விஷயத்தில் இருக்கிறார் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார், கயிறு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற ரகம்.

“நான் ஆளுங்கள மேல ஏத்தி விட்டேன், நீ மேல இருக்கறவரப் பத்தி எழுதின. விருதுல பாதி எனக்குத்தான் வரணும்” என்றார்.

“பாதி என்ன, முழுசாவே எடுத்துக்கங்க. மொதல்ல படிங்க.”

சாமியக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, விருதோடு தரப்போகும் பாராட்டுரையின் நகலை ராகம் போட்டுப் படித்தார். அஞ்சாமை, நடுநிலைமை என்று நாலு வரி வழக்கமான சர்க்கரைப் பொங்கல். அப்புறம் இது: “‘மூடிய கதவுகள்’ என்னும் தொடரில், ஒரு சிறிய சபையின் கடைசிக் கதவு மூடப்பட்டதை இவர் எழுதிய விதம் இன்றும் இதழியல் மாணவர்களுக்குப் பாடம்.”

கத்தி நின்றது.

“போதும், நிறுத்துங்க” என்றார் சாமியக்கா. கண்ணில் தண்ணீர். வெங்காயத்தின் மேல் பழி போடலாம்தான், ஆனால் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை எழுந்து நடந்துவிடும். அடியில் சிக்கியவர்களின் பாட்டைத்தான் யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை.

நடந்தது இது. டயர்க் கடைகள் நிறைந்த ஒரு தெருவின் முனையில் நாற்பத்தொரு பேர் மட்டுமே கொண்ட ஒரு சபை இருந்தது. போதகர் கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது. கதவைத் திறந்து மூடும் பொறுப்பு ஒரு பெண்மணிக்கு. அதனால் அவரை வாசலம்மா என்பார்கள். பெரிய மதங்களின் நாட்காட்டியை எல்லாம் கரைத்துக் குடித்த சாமியக்காவுக்கு இந்தச் சபையின் ஒரு வழக்கம் மட்டும் தெரியாமல் போயிற்று. வருடத்தில் நாற்பது நாள், உள்ளூரில் இருப்பவர்கள் கடைகண்ணியை அடைத்துவிட்டு சபைக் கட்டடத்துக்குள் போய்விடுவார்கள். பேசமாட்டார்கள், எழுதமாட்டார்கள், தட்டினால் திறக்கமாட்டார்கள், போன் அடித்தால் எடுக்கமாட்டார்கள். மௌனம் இருக்கப் போகிறோம் என்று வெளியில் சொல்வதும் இல்லை. சொன்னால் அப்புறம் என்ன மௌனம்? நாற்பதாம் நாள் காலை வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்து தெருவில் நிற்பார்கள். வாசலம்மா கதவைத் திறந்து தலைகளை எண்ணுவார். மௌனத்துக்குப் பிறகு அங்கே முதலில் கேட்கும் குரல் அந்த எண்ணிக்கைதான். வா என்று யாரையும் கூப்பிடும் வழக்கமும் அங்கே இல்லை. கதவு திறக்கும், வருகிறவர்கள் வருவார்கள்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், நகரத்தில் ஒவ்வொன்றாக மூடப்பட்ட வழிபாட்டு இடங்களைப் பற்றி சாமியக்கா ஒரு தொடர் எழுதினார். அந்தச் சபைக்கு ஆறு முறை போன் போட்டார். இரண்டு கடிதம் எழுதினார். மூன்று முறை நேரில் போய்க் கதவைத் தட்டினார். பக்கத்து டயர்க் கடைக்காரர், “அவங்கள்லாம் போயி ஒரு மாசமாச்சு, மேடம்” என்று அடித்துச் சொன்னார். தொழிலில் விதி அதுதான்: மூன்று முறை தட்டு, பதில் இல்லையென்றால் எழுது. எழுதினார். அழகாகவும் எழுதினார், அதுதான் வினை. ‘அந்தக் கடைசிக் கதவும் மூடிக்கொண்டது’ என்று முடிந்த அந்தக் கட்டுரை மௌனத்தின் முப்பத்தொன்றாம் நாளில் வெளிவந்தது. அவர் கதவைத் தட்டியபோதே உள்ளே இருந்த ஒன்பது பேர் நாங்கள் இருக்கிறோம் என்று கத்தியிருக்கலாம். அவர்கள் கத்தவில்லை. நாற்பதாம் நாள் கதவைத் திறந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. வெளியூரில் இருந்த முப்பத்திரண்டு பேரும் பேப்பர் படித்திருந்தார்கள்.

திருத்தம் போட்டார்கள். ஏழாம் பக்கத்தில், காணாமல் போன ஒரு நாயின் படத்துக்குக் கீழே, மூன்று வரி. அதைப் படித்தவர்கள் நாயைத் தேடியவர்கள் மட்டும்தான். சாமியக்கா போன் போட்டபோது வாசலம்மா எடுத்தார், முழுக்கக் கேட்டார், “சரி” என்று சொல்லி வைத்தார். அந்த ‘சரி’யைத் தாண்டி அங்கே போகிற தைரியம் சாமியக்காவுக்கு வரவில்லை. தொடருக்குப் பரிசு கிடைத்தது. ஊர் மறந்தது. அவர் மறக்கவில்லை.

பாராட்டுரையைக் கேட்ட கையோடு சாமியக்கா சங்கச் செயலாளருக்குப் போன் போட்டார். நல்ல பையன், நாற்பது வயது, எதற்கெடுத்தாலும் பதறுவான்.

“அந்த வரிய எடுத்துடுங்க தம்பி. அது தப்பு.”

“அக்கா, தகடு பொறிச்சாச்சு. செம்புல எழுதினத எப்படி அழிக்கறது?”

“பேப்பர்ல எழுதினதையே என்னால அழிக்க முடியல.”

“அப்ப மேடையில நீங்களே சொல்லுங்களேன், நான் தடுக்கல. ஆனா யோசிங்க. கல்யாண வீட்ல போய் ஒப்பாரி வைக்கலாமா?” என்றவர், அடுத்த கவலைக்குத் தாவினார். “பாராட்டுரைய வாசிக்கறது யாருன்னு இன்னும் நீங்க சொல்லல.”

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். பாராட்டுரையைச் சக நிருபர் வாசிக்கக் கூடாது. விருது பெறுகிறவர் யாரைப் பற்றி எழுதினாரோ, அவர்களில் ஒருவர்தான் வாசிக்க வேண்டும். பிரபலமான ஒரு பிரசங்கியாரைச் செயலாளர் மனதில் வைத்திருந்தார். அவர் மைக்கைப் பிடித்தால் மைக்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சாமியக்கா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மேடையில் தப்பை ஒப்புக்கொள்ளலாம். ஒப்புக்கொண்டால் கைதட்டுவார்கள், எவ்வளவு பெரிய மனசு என்பார்கள். காயம் பட்டவர்கள் ஒரு பக்கம் இருக்க, குத்தியவளுக்கு இன்னொரு மாலை. நினைக்கவே அவருக்குக் கூசியது. மறுநாள் காலையில் நேராக வாசலம்மாவின் கடைக்குப் போனார்.

மூக்குக்கண்ணாடிக் கடை. வாசலம்மா எழுபத்து நான்கு வயதிலும் கடைசி எழுத்தை வெறும் கண்ணால் படிக்கிறவர். நிமிர்ந்து பார்த்தார்.

“பேரு சொல்ல வேண்டாம். போட்டோ பாத்திருக்கேன். உக்காருங்க, உங்க கண்ணாடி பழசாயிடுச்சு.”

“நான் கண்ணாடிக்கு வரலம்மா.”

“உக்காருங்கன்னேன்.”

உட்கார்ந்தார். மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டம் ஏறியது. ஒரு கண்ணுக்கு மூடி, மறு கண்ணுக்கு ஒரு வில்லை. அந்தக் கோலத்தில், எதிரே தொங்கும் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே, பத்தொன்பது வருடமாகத் தொண்டையில் நின்றதைச் சாமியக்கா சொல்லி முடித்தார். அழுகை வந்தது. துடைக்க முடியவில்லை, சட்டம் இடித்தது.

“கண்ணு கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?” என்றார் வாசலம்மா, வில்லையை மாற்றியபடி. “மூணாவது வரி படிங்க.”

படித்தார். இரண்டு எழுத்து தப்பு.

“ஏன் வரல இத்தனை வருஷம்?”

“பயம்மா.”

“அது சரி. உண்மையாவது சொல்றீங்க.” அவர் குரலில் கோபம் இருந்தது. மறைக்கவும் முயலவில்லை. “மொத வருஷம் ஒருத்தரும் இல்ல. அடுத்த வருஷம் நாலு பேர். அப்புறம் ரெண்டு. அப்புறம் அதுவும் இல்ல. உங்கள மட்டும் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு உங்க கட்டுரை ஒரு சாக்கு. மீதிப் பேரு நெஜமாவே நம்பிட்டாங்க. இருக்கோம் இருக்கோம்னு நாங்களே சொல்லிக்கிட்டா அது கூப்பிடற மாதிரி ஆயிடும். அது எங்க வழக்கம் இல்ல.”

விருதைப் பற்றியும், பாராட்டுரையைப் பற்றியும், வாசிக்க ஆள் வேண்டும் என்பதைப் பற்றியும் சாமியக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். வாசலம்மா சிரித்தேவிட்டார்.

“நல்லா இருக்கு கத. செத்துப்போனதா எழுதிட்டு, வந்து வாழ்த்துப் பாடுங்கறீங்க. என்னிக்கு விழா?” தேதியைக் கேட்டு விரல் விட்டு எண்ணினார். “நாளான்னிக்கு நாங்க உள்ள போறோம். நாப்பதாம் நாள் சனிக்கிழம. மறுநாள்தான் உங்க விழா. சனிக்கிழம கதவத் திறந்து பாக்கறேன். தெருவ பாத்துட்டு, வரேனா இல்லையான்னு சொல்றேன்.”

பிறகு உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழுப்பேறிய அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், இரண்டு கண்ணின் அளவு, ஒரு முகவரி, சிலவற்றில் போன் நம்பர். முப்பத்திரண்டு அட்டை.

“இது கடை ரெக்கார்டு. நான் யாரையும் கூப்பிடல, கூப்பிடவும் சொல்லல. தப்பா எழுதினது நீங்க. எழுதினத திருத்தறது யார் வேலைன்னு உங்களுக்குத் தெரியும்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை ஆபீசாயிற்று. பத்தொன்பது வருடத்தில் பாதி நம்பர்கள் செத்துப்போயிருந்தன. பழைய முகவரிக்குப் பக்கத்து வீடு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் சொன்ன மாமா என்று நூல் பிடித்துப் போனார் சாமியக்கா. வீட்டுக்காரர் தனித்தனித் தாளில் குறித்துக்கொடுத்தார். எடுத்தவர்களிடம் எல்லாம் ஒரே பேச்சுதான்: “உங்க சபை முடிஞ்சு போச்சுன்னு பேப்பர்ல எழுதினது நான்தாங்க. அது தப்பு. சபை இருக்கு. கதவு இந்த வருஷம் நாப்பதாம் நாள் சனிக்கிழம காலைல பத்து மணிக்குத் திறக்குது.” அதோடு நிறுத்திவிடுவார்.

“ஒரு வார்த்த ‘வாங்க’ன்னு சொன்னா என்ன, முத்தா உதிர்ந்திடும்?” என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவங்களே கூப்பிட மாட்டாங்க. நான் யாருங்க கூப்பிட? நான் நிருபர். தப்ப திருத்தலாம், கூட்டம் சேர்க்கக் கூடாது.”

“நல்ல நிருபர், போ. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்ககிட்ட ‘கதவு இருக்கு’ன்னு மட்டும் சொல்லிட்டு நான் போயிருந்தா, ஊரு என்னை உதைச்சிருக்கும்.”

ஐந்து பேர் இறந்துவிட்டிருந்தார்கள். ஏழு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஒரு பெண் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தாள். சிலர் வேறு இடம் தேடிக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள், அதையும் நல்லவிதமாகவே சொன்னார்கள். ஒரு லாரி ஓட்டுநர் மட்டும் பொரிந்து தள்ளினார்.

“பத்தொம்போது வருஷம் கழிச்சு ஞாபகம் வந்துச்சா உங்களுக்கு? படுத்த படுக்கையா கெடந்த எங்கப்பாவுக்கு அந்தப் பேப்பர நான்தான் படிச்சுக் காட்டினேன். அன்னிக்கு முழுக்க அழுதாரு. அந்த வருஷமே போயிட்டாரு. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. அவருக்குத் திருத்தம் எப்படிப் போடுவீங்க?”

“போட முடியாதுங்க” என்றார் சாமியக்கா. அன்றைக்கு அதற்கு மேல் அவரால் ஒரு நம்பரையும் அழைக்க முடியவில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், கிண்டல் எதுவும் செய்யாமல்.

சனிக்கிழமை. ஒன்பது மணிக்கெல்லாம் இருவரும் அந்தத் தெருவில் நின்றார்கள். டயர்க் கடைகள் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தன. ஒன்பதரைக்கும் யாரும் இல்லை. பத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு வயதான தம்பதி வந்து, சரியான தெருதானா என்பதுபோல் தயங்கி நின்றார்கள். பிறகு ஒரு வேன். அதிலிருந்து இறங்கிய ஆறு பேரில், போனில் ஒன்றும் பேசாமல் வைத்த பெண்ணும் இருந்தாள். ஒரு பேருந்து நின்று போனபோது இன்னும் எட்டுப் பேர். கடைசியாக ஒரு லாரி, தெரு முனையில் இடம் போதாமல் கோணலாக நின்றது. அதிலிருந்து ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். அவர் சாமியக்காவைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் வரிசையில் நின்றார். திருப்பிக்கொள்ளட்டும், வந்தாரே.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. வாசலம்மா வெளியே ஓர் அடி வைத்தார். தெருவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால் ஆறு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“ஒண்ணு” என்றார், தன் நெஞ்சில் கை வைத்து. நாற்பது நாள் பேசாத குரல் கரகரத்தது. பின்னால் இருந்தவர்களைத் தொட்டு ஏழு வரை எண்ணினார். வழக்கமாக அங்கே முடிந்துவிடும் எண்ணிக்கை அன்று படியிறங்கித் தெருவுக்கு வந்தது. ஒவ்வொரு தோளாகத் தொட்டார். எட்டு, ஒன்பது, பத்து. லாரிக்காரரின் தோளைத் தொட்டபோது கை கொஞ்சம் அதிக நேரம் அங்கேயே இருந்தது. சுவரோரம் நின்ற சாமியக்காவிடம் வந்தபோது கை நின்றது. பிறகு தொடாமல் தாண்டிப் போயிற்று.

அதுதான் முறை, நிருபர் கணக்கில் வரமாட்டார். சாமியக்காவுக்கு அதில் வருத்தமில்லை.

“இருபத்தேழு” என்று முடித்தார் வாசலம்மா. திரும்பிப் பார்த்தார். “எழுதிக்கங்க.”

சாமியக்கா நோட்டைத் திறந்தார். பேனா தாளைத் தொடவில்லை.

“தப்பா நினைக்காதீங்கம்மா. நானும் ஒரு தடவ எண்ணிக்கறேன்.”

தெருவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. லாரிக்காரர் முறைத்தார். சாமியக்கா காதில் வாங்காமல் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனார். மாமியாரின் முன்னால் நின்றார், அவர் போர்த்தியிருந்த சால்வையைக் குனிந்து பார்த்தார்.

“இருபத்தெட்டு” என்றார். “இங்க ஒண்ணு தூங்குது.”

நாலு மாதக் குழந்தை, லாரிக்காரரின் இரண்டாவது பிள்ளை. அதுவரை விறைப்பாக நின்ற லாரிக்காரர், “அட, நம்ம பய!” என்றார். முதலில் சிரித்தது வாசலம்மாதான்.

மறுநாள் மண்டபத்தில் நூறு பேருக்குக் குறையாமல் மதச் செய்தியாளர்கள். செயலாளர் எதற்கும் இருக்கட்டும் என்று பிரசங்கியாரை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். அவர் தொண்டையைச் செருமிச் செருமித் தயாராக இருந்தார். ஆனால் பெயர் அழைத்ததும் மேடையேறியது வாசலம்மா. செப்புத் தகட்டைக் கையில் வாங்கினார், கண்ணாடி இல்லாமலே படித்தார். அஞ்சாமை படித்தார், நடுநிலைமை படித்தார்.

“ஒரு சிறிய சபையின் கடைசிக் கதவு மூடப்பட்டதை…” என்று வந்தவர் நிறுத்தினார்.

“இந்த வரி தப்பு” என்றார்.

செயலாளருக்கு வேர்த்துவிட்டது. மேடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சாமியக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குனியக்கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தார்.

“அந்தக் கதவ திறக்கறது நான்தான். அது மூடவே இல்ல. இவங்க எழுதினத நம்பி எங்க ஆளுங்க பத்தொம்போது வருஷம் வரல. எங்களுக்கு அது பெரிய கஷ்டம். அத லேசா எடுத்துக்காதீங்க.” மூச்சு வாங்கினார். “இந்த நாப்பது நாள்ல இவங்க எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரையா தேடிப் பிடிச்சு, நான்தான் தப்பா எழுதினேன்னு சொல்லியிருக்காங்க. திட்டு வாங்கிக்கிட்டே சொல்லியிருக்காங்க. தான் எழுதினது தப்புன்னு வீடு வீடா சொன்ன ஒருத்தர நான் பாத்ததில்ல. உங்கள்ல யாராவது பாத்திருக்கீங்களா? அத ஏன் இந்தத் தகட்டுல போடல?”

யாரும் கைதட்டவில்லை. அதற்குப் பதிலாக மண்டபம் முழுக்கப் பைகள் திறக்கும் சத்தமும் நோட்டுப் புரளும் சத்தமும் கேட்டது. பழக்கம் யாரை விட்டது? கடைசி வரிசையில் ஒரு நரைத்த தலை எழுந்தது.

“அம்மா, நேத்து கதவு திறந்தப்ப எத்தனை பேர் இருந்தாங்க?”

வாசலம்மா மைக்கை நீட்டினார். “அவங்களக் கேளுங்க. நான் எண்ணினா ஒண்ணு விட்டுப்போகுது.”

சாமியக்கா எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நன்றியுரைக்காக எழுதிவைத்திருந்த தாள் நாற்காலியிலேயே கிடந்தது. எதிரே நூறு பேனாக்கள் காத்திருந்தன. அழுகையை அடக்கிக்கொண்டு, எல்லோரும் தப்பில்லாமல் குறித்துக்கொள்ளும்படி நிதானமாகச் சொன்னார்.

“இருபத்தெட்டு பேர். நானே நேர்ல போய் எண்ணினேன்.”